மலைக் குளிரில் முள்ளெலி: சில வருட அனுபவம்

இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்கு அருகே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் ‘மிளகு’ என்ற ஆபிரிக்கக் குள்ள முள்ளெலி சில வருடங்களாக வளர்கிறது. இதற்கு என்ன விளையாட்டுப் பொருள் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், முதலில் ஒரு வெப்பமானி வாங்குங்கள் என்றே சொல்லி வருகிறேன். 24 முதல் 29 பாகை செல்சியஸ் வரையான சூட்டில்தான் இந்தப் பிராணி இயல்பாக நடமாடும். சுமார் 18 பாகைக்குக் கீழே போனால் உடல் குளிர்ந்து, ஒருவகை உறைதுயிலுக்குள் போக முயலும். ஐரோப்பிய முள்ளெலிகள் குளிர்காலத்தை அப்படித் தூங்கிக் கழித்து எழுந்துவிடும், ஆனால் ஆபிரிக்க வெப்பத்துக்குப் பழகிய இந்த இனத்துக்கு அது உயிராபத்து. ஆகவே மலைநாட்டில் ஒரு முள்ளெலி சோம்பிக் கிடந்தால், அதற்குப் பொழுது போகவில்லை என்று நினைப்பதற்கு முன் குளிர்கிறதா என்று பார்ப்பதே முறை.

கூண்டின் மேல் ஒளி தராத செராமிக் வெப்பக் குமிழ் ஒன்றை மாட்டி, சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட்டுடன் இணைத்திருக்கிறேன். இருட்டிய பிறகே வெளியே வரும் பிராணி என்பதால், வெளிச்சம் தரும் குமிழை இரவில் எரியவிட்டால் மிளகு படுக்கையை விட்டு அசைவதே இல்லை. பகலிலோ இதற்கு மாறாக 12 முதல் 14 மணிநேரம் வெளிச்சம் தேவைப்படுகிறது. மூடுபனி இறங்கிப் பிற்பகலிலேயே வீடு இருண்டுவிடும் நாட்களில் சாதாரண விளக்கொன்றைப் போட்டு வைக்கிறேன். சீமெந்துத் தரையின் குளிர் ஏறாதபடி கூண்டு மேசைமீது, உட்சுவரை ஒட்டி இருக்கிறது. தென்மேல் பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் நின்றுபோகும் இரவுகளுக்காகச் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வைப்பேன். சூடு அதிகமானால் மிளகு விலகிப் போக மறுபக்கம் இடம் இருக்க வேண்டும். வயிறு சில்லிட்டு, நடை தள்ளாடினால் உடலோடு அணைத்து மெல்ல மெல்லச் சூடேற்றிவிட்டு, தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

சூடு சரியாக அமைந்த பிறகு சக்கரத்துக்கு வரலாம். கூண்டோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட கம்பிச் சக்கரத்தை நான் பொருத்தவே இல்லை, ஏனெனில் கம்பிகளுக்கிடையே பாதமும் நகமும் சிக்கிக் காயமாகும். 30 சென்ரிமீற்றர் விட்டமும் இடைவெளியில்லாத ஓடுபரப்பும் கொண்ட பிளாஸ்டிக் சக்கரம்தான் நீடித்து உழைத்திருக்கிறது; இதைவிடச் சிறியதில் ஓடினால் முதுகு பின்னோக்கி வளைந்துவிடும். ஓடிக்கொண்டே மலம் கழிக்கும் வழக்கம் இதற்கு உண்டு என்பதால், தினமும் காலையில் சக்கரத்தைக் கழுவச் சோம்பல்படுபவர்கள் முள்ளெலி வளர்க்காமல் இருப்பது நல்லது. ஈரக்காற்றில் அச்சு இறுகிக் கீச்சிடத் தொடங்கும்போது தேங்காய் எண்ணெய் விடலாம் என்று பலர் சொல்வார்கள். அந்த எண்ணெய் ஏறக்குறைய 24 பாகையிலேயே உறையத் தொடங்கிவிடும் என்பதை நம் சமையலறைப் போத்தலே காட்டிவிடுகிறது. சக்கரத்தைக் கூண்டுக்கு வெளியே எடுத்து, அச்சில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விட்டு, வழிந்ததைத் துடைத்த பின் மாட்டினால் போதும்.

ஆனாலும் சக்கரம் கால்களுக்கு மட்டுமே வேலை தருகிறது. கண்பார்வை மங்கலான இந்தப் பிராணி மூக்காலும் காதாலும் உலகத்தை அறிகிறது, எனவே மோப்பம் பிடித்துத் தேடும் வேலையைக் கொடுத்தால்தான் இரவு முழுவதும் உற்சாகமாக இருக்கிறது. தையற்கடையில் கழித்துவிடும், நூல் பிரியாத மென்மையான புளீஸ் துணியைப் பட்டைகளாக வெட்டி ஒரு பிளாஸ்டிக் பேசினில் நிரப்பி, உலர்ந்த பூனை உணவையும் ஒன்றிரண்டு மாவுப் புழுக்களையும் அதற்குள் மறைத்து வைக்கிறேன். நான் கொடுத்தவற்றில் மிளகுக்கு ஒருநாளும் சலிக்காதது இந்தப் பேசின்தான். நூல் பிரியும் துணியைப் போடக்கூடாது. பிரிந்த நூல் விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். மாவுப் புழுவில் கொழுப்பு மிகுதி என்பதால் அளவோடுதான் கொடுக்க வேண்டும். தேயிலை மலையில் பிடித்த வெட்டுக்கிளியைக் கொண்டுவந்து தரும் பிள்ளைகளிடம், அங்கே மருந்து அடிப்பார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறேன். கிழங்கு கொண்டுவந்தவர்களும் உண்டு, ஆனால் இது தோட்டத்து மரவள்ளியைக் கிளறும் முள்ளம்பன்றி அல்ல, பெரும்பாலும் பூச்சி தின்னும் பிராணி.

புதிய வாசனையும் இதற்கு ஒரு பொழுதுபோக்குத்தான். மருந்து படாத கொய்யா இலையைக் கழுவி உள்ளே போட்ட இரவில், மிளகு அதைக் கடித்து மென்று, வாயில் நுரை தள்ள, கழுத்தை முறுக்கி அந்த நுரையைத் தன் முட்களில் பூசிக்கொண்டது. “வலிப்பு வந்திட்டுது தம்பி, ஓடி வா!” என்று பக்கத்து வீட்டு அக்கா பதறிவிட்டார். இது முள்ளெலிகளின் இயல்பான நடத்தை என்று நம்பவைக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

கட்டட வேலையில் மிஞ்சிய நான்கு அங்குல பீவீசீ குழாயின் விளிம்பை அரத்தாள் போட்டுத் தேய்த்து, உள்ளே துணி விரித்துக் கொடுத்தது நன்றாகப் பயன்பட்டது. கடதாசிக் குழலைக் கொடுப்பதானால், தலை மாட்டிக்கொள்ளாமல் இருக்க நீளவாக்கில் கீறிவிட வேண்டும். மணி வைத்த பந்தை மிளகு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிராணியை உள்ளே அடைத்து உருட்டவிடும் மூடிய பந்தில் நகம் சிக்கும், காற்றோட்டமும் போதாது. அதை எவருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. துணைக்கு இன்னொரு முள்ளெலி என்ற யோசனையும் வேண்டாம், இவை தனித்து வாழ்பவை, ஒரே கூண்டில் விட்டால் சண்டையிட்டுக் காயப்படுத்திக்கொள்ளக்கூடும்.

வளர்ப்பு முள்ளெலியின் ஆயுள் பெரும்பாலும் 4 முதல் 6 வருடங்கள் என்பதால், இப்போது மிளகின் வேகம் குறைந்திருப்பதில் வியப்பில்லை. வாரந்தோறும் சமையலறைத் தராசில் நிறுத்து, எடை ஏறினால் புழுக்களைக் குறைக்கிறேன்; முழுதாகச் சுருண்டு பந்தாக முடியாத முள்ளெலி கொழுத்துவிட்டது என்று பொருள். பேசினின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டி, விளிம்பில் துணி ஒட்டியிருக்கிறேன். கூண்டு சூடாக இருந்தும் பின்னங்கால்கள் தடுமாறினால் அதை முதுமையின் கணக்கில் எழுதிவிடக்கூடாது. இந்த இனத்தில் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் தள்ளாட்ட நோய் ஒன்று இருப்பதால் வைத்தியரிடம் காட்டியே தீர வேண்டும்.