கன்னியாகுமரியில் 'சிலை தெரியும் ரூம்' என்று கூடுதல் பணம் கேட்டால் கவனம்

திருவள்ளுவர் சிலையையும் கண்ணாடிப் பாலத்தையும் இரவு வெளிச்சத்தில் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு இது. "மொட்டை மாடியிலிருந்து சிலை நேராத் தெரியும் சார், டிரைபாட் வெச்சுக்கலாம்" என்று போனில் சொல்லும் லாட்ஜுக்கு முன்கூட்டியே முழுப் பணத்தையும் அனுப்பிவிடாதீர்கள். போன மாதம் எனக்கும் என் தம்பிக்கும் நடந்ததைச் சொல்கிறேன்.

சாதாரண ரூம் 1,500 ரூபாய், சிலை தெரியும் ரூம் 2,800 என்றார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு படமும் வந்தது. சிலை, பாலம், கடல் எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஜிபேயில் பணம் போட்டோம். போய்ப் பார்த்தால் ஜன்னலுக்கு நேரே பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. எட்டிப் பார்த்தால் வள்ளுவரின் தலை மட்டும் தெரிகிறது. சரி, மாடி இருக்கிறதே என்று ஏறினால் கதவில் பூட்டு. "சாவி மேனேஜர்கிட்ட இருக்கு, இப்ப வந்துருவாரு" என்றார் ரிசப்ஷன் பையன்.

சூரியன் மறைந்தபின் வானத்தில் நீலம் மிச்சமிருக்கும் கொஞ்ச நேரம்தான் இந்தப் படத்துக்கு உயிர். அதை விட்டால் வானம் கறுத்துவிடும். விளக்கு விழும் சிலை வெளுத்துப்போய், பாறையும் கடலும் இருட்டில் மறைந்துவிடும். அந்த நேரம் முழுவதும் எங்களை ரிசப்ஷனிலேயே உட்கார வைத்தார்கள். எட்டரைக்கு மேல் வந்த மேனேஜர், "கேமரா ஷூட்டிங்னா தனியா ஆயிரம்" என்றார். போனில் இதைச் சொல்லவே இல்லையே என்று தம்பி கேட்டதற்கு அவனை ஒருமையில் பேசினார். பணத்தையும் திருப்பித் தரவில்லை. எனக்குப் பணத்தைவிட அந்தப் பேச்சுதான் இன்னும் ஆறவில்லை.

உண்மையில் மாடியே தேவையில்லை. பீடத்தோடு சேர்த்து 133 அடிச் சிலை, கரையிலிருந்தே நன்றாகத் தெரியும். மறுநாள் முக்கடல் சங்கமம் பக்கம் நின்று, பைசா செலவில்லாமல் எடுத்தோம். காற்று பலமாக இருக்கும், அதனால் டிரைபாட்டின் நடுக்கம்பியை உயர்த்தாமல் பையை அதில் தொங்கவிடுங்கள். லென்ஸில் உப்பு ஈரம் படியும், துடைக்கத் துணி வேண்டும். சிலை வெளுத்துப்போகாமல் இருக்க, கேமராவில் வெளிச்சத்தைச் சிலையின் மேல் அளந்து எடுங்கள். அப்புறம், பாறைக்குப் போகும் அரசின் பூம்புகார் படகு மாலையோடு நின்றுவிடும். 2024 டிசம்பர் 30 அன்று திறந்த பாலமும் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைப் பாறைக்கும் நடுவில்தான் இருக்கிறது, கரையிலிருந்து அதற்கு நடந்து போக வழி கிடையாது. ராத்திரியில் தனிப்படகு, பாலத்துக்குப் பாஸ் என்று யார் வந்தாலும் பணம் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். லாட்ஜ் தந்த பில்லில் வெறும் 'ரூம் வாடகை' என்றுதான் இருக்கிறது. சிலை தெரியும் என்ற பேச்சே இல்லை. வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய படமும் செய்தியும்தான் இப்போது கையில் உள்ள ஆதாரம். உங்களுக்கும் அப்படி வந்திருந்தால் அழித்துவிடாதீர்கள்.