டேட்டாசெட்டை எதுல வெச்சுக்கறது: எக்செலா, சிஎஸ்வியா, எஸ்கியூலைட்டா?

முதல்ல டேட்டாசெட்டும் டேட்டாபேஸும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. 1936ல புள்ளியியல் நிபுணர் ரொனால்ட் ஃபிஷர் பயன்படுத்தின ஐரிஸ் பூ டேட்டா இருக்கே, 3 வகை, வகைக்கு 50ன்னு மொத்தம் 150 பூ, ஒவ்வொரு பூவுக்கும் 4 அளவு, அது ஒரு டேட்டாசெட். பேப்பர்ல எழுதி வெச்சாலும் அது டேட்டாசெட்தான். அதையே விதிமுறையோட பத்திரமா வெச்சு, கேட்டப்போ கேட்டதை மட்டும் எடுத்துக் குடுக்கற ஏற்பாடுதான் டேட்டாபேஸ்.

எக்செல் கண்ணால பாக்க ரொம்ப வசதி, அதை மறுக்கவே மாட்டேன். ஆனா நம்மளைக் கேக்காமலே டேட்டாவை மாத்திடும். 044ன்னு அடிச்சா 44 ஆயிடும், மார்ச்1னு இருந்த ஜீன் பேரைத் தேதியாக்கிடும், இந்தத் தொல்லை தாங்காம 2020ல அந்த ஜீன்களோட பேரையே மாத்த வேண்டியதாப் போச்சு! அதே வருஷம் இங்கிலாந்துல லேப்கள்லேர்ந்து வந்த சிஎஸ்வி ஃபைல்களை (கமா போட்டுப் பிரிச்ச வெறும் எழுத்து ஃபைல்) எக்செலோட பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மட்ல ஏத்தினாங்க, அதுல 65,536 வரிக்கு மேல இடமே கிடையாது, மிச்சம் சத்தமில்லாம விட்டுப் போச்சு, 15,841 கொரோனா கேஸ் கணக்குல வராம அவங்களோட தொடர்புல இருந்தவங்களைத் தேடறதும் தள்ளிப் போச்சு. எனக்கு இன்னும் மனசு ஆறல, ஒவ்வொரு கேஸும் ஒரு ஆளு இல்லையா.

சிஎஸ்வில அந்த வரம்பு கிடையாது, எந்த சாஃப்ட்வேரும் படிக்கும், அடுத்தவங்களுக்கு அனுப்ப அதுதான் நல்லது. ஆனா இந்த நெடுவரிசை (column) நம்பரா எழுத்தான்னு அதுக்குத் தெரியாது, முகவரிக்குள்ள கமா வந்து மேற்கோள்குறி போட மறந்தா நெடுவரிசையெல்லாம் ஒண்ணு தள்ளிப் போய் உக்காந்துக்கும்.

என் ஓட்டு எஸ்கியூலைட்டுக்குத்தான், அது ஒரு சின்ன டேட்டாபேஸ் சாஃப்ட்வேர். சர்வர் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம், மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். ஒரே ஐடி ரெண்டு தடவை வரக்கூடாதுன்னு யூனிக்னு ஒரு விதி போட்டா ரெண்டாவதை உள்ளயே விடாது, மாணவர் பட்டியல் தனி டேபிள், மார்க் தனி டேபிள்னு வெச்சு ரெண்டையும் ஜாயின் பண்ணி, அதாவது இணைச்சு எடுக்கலாம், பேரு மாறினா ஒரே இடத்துல திருத்தினா போதும். ஒண்ணு மட்டும் கவனம், நம்பர் நெடுவரிசையில எழுத்தைப் போட்டாலும் சாதாரணமா ஏத்துக்கும், 2021ல வந்த ஸ்ட்ரிக்ட் டேபிள் போட்டாத்தான் மறுக்கும். பல பேர் ஒரே நேரத்துல எழுதற வேலைன்னா போஸ்ட்கிரெஸ்ங்கற சர்வர் டேட்டாபேஸ் பக்கம் போயிடுங்க, எஸ்கியூலைட்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் எழுத முடியும்.