2,10,000 ரூபாய் கொடுத்தேன், காட்டிய மெஷின் வேறு, வந்த மெஷின் வேறு: வொர்க்ஸ்டேஷன் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

கடையில் ஒரு மெஷினைக் காட்டி, காசை வாங்கிக்கொண்டு, வேறொரு மெஷினைப் பெட்டியில் போட்டு எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். 2,10,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல் அம்மாவின் வளையலை வைத்து வாங்கிய நகைக்கடன். கோபம் ஆறுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன், ஏனென்றால் அந்தக் கடையில் இந்த நேரத்திலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெரிய நிறுவனங்கள் குத்தகை முடிந்து கழித்துவிடும் கணினிகளை மொத்தமாக எடுத்து, துடைத்து, விற்கும் கடை. சென்னையில் இப்படிப்பட்ட கடைகள் நிறைய. நான் திருச்சியில் கட்டிடங்களுக்கு முப்பரிமாணப் படங்கள் செய்து தருகிறேன். ஒரு வரவேற்பறைக் காட்சியை ரெண்டர் செய்ய, அதாவது முடிந்த படமாக மாற்ற, வீட்டுக் கணினி இரவு முழுக்க ஓட வேண்டியிருந்தது. புது வொர்க்ஸ்டேஷன், அதாவது இந்த மாதிரிக் கனமான வேலைக்கென்றே செய்த கணினி, என் கைக்கு எட்டாத விலை. அதனால்தான் இந்த வழி.

என்ன வேண்டும் என்று எழுதி எடுத்துக்கொண்டுதான் போனேன். இரண்டு இன்டெல் ஜியான் கோல்டு 6148 ப்ராசஸர். ஒவ்வொன்றிலும் 20 கோர், அதாவது கணக்குப் போடும் பகுதி, ஆக 40 கோர். ஒரு கோர் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளை ஓட்டும், அதனால் 80 த்ரெட். ராம் 192 ஜிபி, பதினாறு ஜிபி குச்சிகளாகப் பன்னிரண்டு. இந்தப் பன்னிரண்டு முக்கியம். அந்த ப்ராசஸர் ஒவ்வொன்றுக்கும் ஆறு மெமரி சேனல், அதாவது ராமிலிருந்து தரவு வரும் பாதை, உண்டு. ஆறிலும் குச்சி இருந்தால்தான் நொடிக்கு 128 ஜிகாபைட் வரை தரவு ஓடும். ராம் ஈசிசி வகையாக இருக்க வேண்டும், அதாவது 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிட் தவறினால் தானே திருத்திக்கொள்ளும் வகை. இரவெல்லாம் ஓடும் வேலைக்கு அது இல்லாமல் முடியாது. கிராபிக்ஸுக்கு குவாட்ரோ ஆர்டிஎக்ஸ் 4000, எட்டு ஜிபி. சேமிக்க ஒரு டிபி எஸ்எஸ்டி, வேகமான என்விஎம்இ வகை.

எல்லாம் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். என் கண்ணால் பார்த்தேன். கடைக்காரர் பக்கவாட்டுத் தகட்டைத் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்து காட்டினார். பன்னிரண்டு குச்சிகளையும் விரல் வைத்து எண்ணினேன், போட்டோ எடுத்தேன். அவர் தடுக்கவே இல்லை. "நன்றாக எடுத்துக்கொள் தங்கச்சி, உன் திருப்திதான் முக்கியம்" என்றார். டாஸ்க் மேனேஜரைத் திறந்தபோது த்ரெட்டுக்கு ஒன்றாக எண்பது கட்டங்கள் திரையை நிறைத்தன. என் பென் டிரைவில் இருந்த காட்சியை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ப்ராசஸர் மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தேன். பதினொரு நிமிடத்தில் முடிந்தது. வீட்டில் இரவு முழுக்க ஓடும் அதே காட்சி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "என் அண்ணன் மகளும் உன்னை மாதிரிதான், படித்துவிட்டுச் சொந்தக் காலில் நிற்கிறாள்" என்றார். டீ வந்தது. விலையில் ஐயாயிரம் குறைத்தார். அப்படிக் குறைத்துத்தான் 2,10,000.

இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டியைப் பஸ்ஸில் கொண்டுவர முடியாது. "விண்டோஸ் புதிதாக ஏற்றி, தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றி, மரச்சட்டம் அடித்து லாரி பார்சலில் அனுப்புகிறேன்" என்றார். முழுப் பணத்தையும் வங்கி மூலம் அனுப்பினேன், பில் வாங்கினேன். பில்லில் அவர் எழுதியது இவ்வளவுதான்: வொர்க்ஸ்டேஷன், இரட்டை ஜியான், 40, 192 ஜிபி, குவாட்ரோ 4000 8 ஜிபி, எஸ்எஸ்டி 1 டிபி. மாடல் எண்களை முழுதாக எழுதச் சொன்னேன். "பில் புத்தகத்தில் இடம் இல்லை தங்கச்சி, மெஷின்தான் உன் கண் முன்னால் இருக்கிறதே" என்று சிரித்தார்.

வந்த பெட்டியை இயக்கினேன். டாஸ்க் மேனேஜரில் நாற்பது கட்டங்கள். எண்பது எங்கே? ப்ராசஸர் பெயரைப் பார்த்தால் ஜியான் சில்வர் 4114. அதில் ஒன்றுக்குப் பத்து கோர்தான். இரண்டும் சேர்ந்து இருபது கோர், நாற்பது த்ரெட். பில்லில் "40" என்று மட்டும் எழுதியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. தகட்டைத் திறந்தேன். ராம் 192 ஜிபி இருந்தது, ஆனால் முப்பத்திரண்டு ஜிபி குச்சிகள் ஆறு. ஒரு ப்ராசஸருக்கு மூன்று, ஆறு சேனலில் மூன்று காலி. போதாததற்கு அந்த ப்ராசஸர் 2400 வேகத்துக்கு மேல் ராமை ஓட்டாது. நொடிக்கு 128 ஜிகாபைட் இருக்க வேண்டிய இடத்தில் 58-ஐக்கூடத் தொடாது. பின்பக்கம் பார்த்தேன். கடையில் எடுத்த போட்டோவில் கிராபிக்ஸ் அட்டையில் மூன்று டிஸ்ப்ளேபோர்ட்டும் ஒரு சிறிய யுஎஸ்பி-சி துளையும். வந்ததில் நான்கும் டிஸ்ப்ளேபோர்ட். அது குவாட்ரோ பி4000, அதற்கு முந்தைய தலைமுறை, 2017-இல் வந்தது. அதிலும் எட்டு ஜிபிதான்! ரே டிரேசிங்குக்கென்று, அதாவது ஒளி எப்படிப் பட்டுத் தெறிக்கும் என்று கணக்கிடுவதற்கென்று, தனியாக உள்ள கோர்கள் அதில் ஒன்றுகூடக் கிடையாது. எஸ்எஸ்டியும் ஒரு டிபிதான், ஆனால் கேபிளில் தொங்கும் சாட்டா, வேகம் குறைந்த பழைய வகை. நொடிக்கு 3,500 மெகாபைட் படிக்க வேண்டியது 550 படிக்கிறது. அது ஓடிய நேரத்தைப் பார்த்தால் 29,000 மணியைத் தாண்டியிருக்கிறது. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். "புது எஸ்எஸ்டி" என்றுதான் என்னிடம் சொன்னார்.

அதே காட்சியை ஓட்டினேன். இருபத்தெட்டு நிமிடம்.

பில்லில் உள்ள ஒவ்வொரு எண்ணும் சரி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் வேறு. தவறுதலாக இப்படி நடக்காது. எண்களை அப்படியே காப்பாற்றிக்கொண்டு பொருளை மாற்ற வேண்டும் என்றால் உட்கார்ந்து யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

முதல் முறை போன் செய்தபோது, "லாரியில் பெட்டி மாறியிருக்கும்" என்றார். லாரிக்காரர் சீரியல் எண் ஸ்டிக்கரையுமா மாற்றி ஒட்டுவார்? ஆமாம், பெட்டியின் மேல் கடையில் பார்த்த அதே எண்தான் ஒட்டியிருந்தது, ஒரு மூலை மட்டும் சுருங்கியிருந்தது. பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மெஷினின் அடிப்படை மென்பொருளுக்குள், போய்ப் பார்த்தால் வேறு எண். இரண்டு எண்களையும் தயாரிப்பாளரின் இணையதளத்தில் கொடுத்தேன். எந்த எண்ணுள்ள மெஷின் எந்தப் பாகங்களோடு ஆலையிலிருந்து வெளியே போனது என்று அங்கே தெரிகிறது. ஸ்டிக்கர் எண்ணுக்கு இரண்டு கோல்டு 6148, பயாஸ் எண்ணுக்கு இரண்டு சில்வர் 4114. இதைச் சொன்னதும் குரல் மாறியது. "மேடம், நாற்பது என்று சொன்னேன், நாற்பது இருக்கிறது. எட்டு ஜிபி என்று சொன்னேன், எட்டு ஜிபி இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு?"

பிறகு டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கிறார். பிறகு முதலாளி வேறு ஆள், தான் வெறும் விற்பனையாளர். பிறகு போனை எடுத்தது ஒரு பையன், அவனுக்கு எதுவும் தெரியாது. கடைசியாக அவரே பேசினார்: "பத்தாயிரம் தருகிறேன், இதோடு விட்டுவிடுங்கள். தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் கோர்ட்டில் வழக்கே நிற்காது, வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்." 2,10,000 வாங்கிக்கொண்டு பத்தாயிரம்.

கேட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது பொய். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்பை நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது அந்த வணிக நோக்கத்தில் சேராது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. தனியாக உட்கார்ந்து வேலை செய்து சாப்பிடுகிறவர்கள் இதை மனப்பாடம் செய்துவைத்துக்கொள்ளுங்கள், இந்த மிரட்டல் உங்களுக்கும் வரும்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சிலவற்றைச் சொல்கிறேன். ஸ்டிக்கரை நம்பாதீர்கள், பயாஸில் உள்ள சீரியல் எண்ணைப் பில்லில் எழுத வையுங்கள். ப்ராசஸரின் முழு எண், குச்சி எத்தனை, கிராபிக்ஸ் அட்டையின் முழுப் பெயர், எல்லாம் பில்லில் வர வேண்டும். இடம் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பார்த்த மெஷினை அங்கேயே கட்ட வைத்து, உங்கள் கையெழுத்தைப் போட்டு டேப் ஒட்டி, நீங்களே பார்சல் ஆபீசில் கொண்டுபோய்ப் போடுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். போட்டோ, பில், வங்கி ரசீது, இரண்டு சீரியல் எண்களின் பக்கங்கள் எல்லாம் தயார். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதே மாதிரிக் கடையில் இதே மாதிரி எண் மாறாமல் பொருள் மாறி வந்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து பில்லைத் தூக்கிப் போட்டுவிடாமல் எனக்கு எழுதுங்கள். அந்த ஆள் என்னிடம் பேசிய தோரணையைப் பார்த்தால் நான் முதல் ஆள் இல்லை.