‘எல்லாம் ஈவென்ட் முறை’ என்று சாஃப்ட்வேர் விற்க வந்தால் உஷார்

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உரக்கடை, ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. "எல்லாமே ஈவென்ட் முறை, ஏபிஐ எல்லாம் பழைய கதை" என்று ஒரு கம்பெனி ஆட்கள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். (ஏபிஐ என்றால் ஒரு சாஃப்ட்வேர் இன்னொன்றை நேரடியாகக் கேட்டுப் பதில் வாங்கும் வழி.) எங்கள் கடையில் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

கவுண்டர், ஸ்டோர், கணக்கு மூன்றையும் இணைப்பதுதான் வேலை. ஈவென்ட் முறையில் கவுண்டர் "இன்ன பில் போட்டாயிற்று" என்று ஒரு செய்தியை வரிசையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கும். மழையில் லைன் போனாலும் செய்தி காத்திருக்கும். இருப்புக் கணக்குக்கு இது நல்ல முறைதான், மறுக்கவில்லை.

ஆனால் கடன் வரம்பு பார்ப்பதையும் அதே வரிசையில் போட்டார்கள் பாருங்கள்! எஸ்டேட் கான்ட்ராக்டர் கடனுக்கு உரம் கேட்கிறார் என்றால் கேட்ட உடனே பதில் வேண்டும். அதற்குத்தான் ஏபிஐ. இங்கே மூட்டையெல்லாம் லாரியில் ஏறிப் போன பிறகு "வரம்பு தாண்டிவிட்டது" என்று திரையில் வருகிறது.

அப்புறம் இரட்டைப் பதிவு. இத்தகைய வரிசைகள் பெரும்பாலும் ஒரு தடவையாவது கொண்டு சேர்ப்பதாகத்தான் உறுதி தரும். "எடுத்துக்கொண்டேன்" என்ற பதில் வழியில் தொலைந்தால் அதே செய்தி மறுபடி வரும். பில் எண்ணைப் பார்த்து, ஏற்கெனவே வந்ததைத் தள்ளிவிட வேண்டியது செய்தியைப் பெறும் பக்கத்தின் வேலை. இவர்கள் சாஃப்ட்வேரில் அந்தச் சோதனையே இல்லை. லைன் விட்டு விட்டு வந்த நாளில் ஒரே பில் வாடிக்கையாளர் கணக்கில் இரண்டு தடவை ஏறிவிட்டது. கம்பெனி ஆளுக்குப் போன் போட்டால், "டபுளா வந்தா நீங்களே அழிச்சிடுங்கண்ணே" என்கிறார். கணக்குப் புத்தகத்தை அழிரப்பரால் அழிக்கச் சொல்கிற மாதிரி!

வரி வாரியத்துக்கு ஆன்லைனில் அனுப்பும் பில்லான இ-இன்வாய்ஸ் இன்னும் மோசம். அதை வாங்கிக்கொள்ளும் வாரியத்தின் மை இன்வாய்ஸ் ஏபிஐ முதலில் பெற்றுக்கொண்டதாக மட்டும் சொல்லும். செல்லுமா செல்லாதா என்பதை நாம் திரும்பக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இவர்கள் முதல் பதிலுக்கே பச்சை விளக்குக் காட்டிவிட்டார்கள். போர்ட்டலில் போய்ப் பார்த்தால் செல்லாதவை வரிசையாகக் கிடந்தன.

யாராவது டெமோ காட்ட வந்தால் இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு பில் போடச் சொல்லுங்கள். திரும்பச் செருகியதும் கணக்கில் எத்தனை பில் ஏறுகிறது என்று பாருங்கள். அதே செய்தியை வேண்டுமென்றே இன்னொரு தடவை அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் டெபாசிட் கொடுக்காதீர்கள்.

எங்களுக்கு இப்போது ‘மெயின்டனன்ஸ்’ என்று புது பில் வந்திருக்கிறது. அதுவும் இரண்டு தடவை.