ஹோல் சாவா, ஃபோர்ஸ்ட்னர் பிட்டா?

50 மி.மீ. துளை போட வேண்டும் என்றால் என் கை முதலில் போவது ஹோல் சாவுக்குத்தான், அதாவது டிரில்லில் மாட்டும், விளிம்பில் பற்கள் உள்ள கிண்ணம் போன்ற ரம்பத்துக்கு. வட்டத்தின் ஓரத்தை மட்டும் அறுப்பதால் கை டிரில்லே போதும். பைமெட்டல் (இரு உலோகங்களை இணைத்துச் செய்த) வகை என்றால் மரம், பிளாஸ்டிக், மெல்லிய இரும்புத் தகடு எல்லாவற்றிலும் இறங்கும். தொல்லை ஒன்றுதான்: அறுந்த மர வில்லை உள்ளே சிக்கிக்கொள்ளும், நெம்பி எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். ஹோல் சாவின் நடுவில் உள்ள பிட் மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் பலகையைத் திருப்பிப்போட்டு அறுங்கள். ஓரம் பிய்யாது, வில்லையும் எளிதாக வரும்.

ஃபோர்ஸ்ட்னர், அதாவது அடி தட்டையாகத் துளைக்கும் பிட், மரத்துக்குத்தான். துளை முழுவதையும் சீவி எடுப்பதால் பெரிய அளவுக்கு டிரில் பிரஸ்ஸும் (தாங்கியில் நிலையாகப் பொருத்திய டிரில்) குறைந்த வேகமும் இருந்தால் நல்லது. சரி, பாதி ஆழத்தில் நிற்கிற, அடி தட்டையான குழி வேண்டுமா, அலமாரிக் கதவின் 35 மி.மீ. கீல் குழி மாதிரி? அங்கே ஹோல் சா உதவாது.