கிளவுஸ் போட்ட விரலும் பாதியில் ஓடும் பச்சை வட்டமும்

"நீ போடுறியே, அந்த டச் கிளவுஸ், விலை இறங்கியிருக்குடா. வாங்கலாமா?" என்று நண்பன் காலையில் மெசேஜ் போட்டிருந்தான். அவன் கேட்ட நேரம் சரியில்லை. அதற்குப் பத்து நிமிடம் முன்புதான் பைக்கை ஓரங்கட்டி நின்று, அதே கிளவுஸோடு ஒரு அழைப்பை எடுக்கப் பார்த்துத் தோற்றிருந்தேன். மூன்று முறை இழுத்தேன். மூன்று முறையும் பச்சை வட்டம் பாதி தூரம் வந்துவிட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி பழைய இடத்துக்கே ஓடிப்போனது. நான்காவது முறை இழுப்பதற்குள் மணி நின்றுவிட்டது. அதனால் இதில் கொஞ்சம் கோபம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கழற்றாமலே போன் திரையைத் தொடலாம் என்று சொல்லி விற்கும் இந்த கிளவுஸை இரண்டு வருடமாகப் போடுகிறேன். பின்னல் துணி, உள்ளங்கையில் ரப்பர் புள்ளிகள், ஆட்காட்டி விரல் நுனியிலும் கட்டைவிரல் நுனியிலும் மட்டும் சாம்பல் நிறத் துண்டு. அந்தத் துண்டில் வெள்ளி பூசிய நைலான் நூல் கலந்திருக்கும். அது விரலின் மின்தொடர்பை வெளியே கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. குளிர் தாங்குகிறது, பிடிமானம் நன்றாக இருக்கிறது. இதையெல்லாம் வாங்கும் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள், நான் திரும்பச் சொல்லவில்லை.

தட்டும் வேலையில் இதைக் குறை சொல்ல முடியாது. மேப்பில் ஒரு இடத்தைத் தொடுவது, பாட்டை மாற்றுவது, நான்கு இலக்கப் பின் நம்பர் அடிப்பது எல்லாம் நூற்றுக்குத் தொண்ணூறு முறை நடக்கும். கைரேகை லாக்கை மறந்துவிடுங்கள். நூலுக்கு ரேகை ஏது? முதல் ஒரு மாதம் எனக்கு இது பெரிய அதிசயமாகவே இருந்தது. அதற்கு முன்பு சிக்னலில் நின்று பல்லால் கிளவுஸைக் கழற்றி, மடியில் போட்டு, அது கீழே விழுந்து, பின்னால் ஹாரன் அடித்து... அந்தக் காலத்தை நினைத்தால் இந்தச் சாம்பல் துண்டைக் கும்பிடலாம்.

பிரச்சினை தட்டுவதில் இல்லை, இழுப்பதில்தான். அழைப்பை எடுக்க இழுக்க வேண்டும். அலாரத்தை நிறுத்த இழுக்க வேண்டும். பேட்டர்ன் லாக் என்றால் கோடு போட வேண்டும். மூன்றாவது புள்ளியில் கோடு அறுந்து 'தவறான பேட்டர்ன்' என்று வரும். ஐந்தாறு முறை ஆனதும் போன் என்னையே திருடன் என்று முடிவு கட்டி அரை நிமிடம் வெளியே நிற்கவைக்கும். அதனால்தான் பின் நம்பருக்கே மாறினேன்.

ஏன் இப்படி என்று கொஞ்ச நாள் கிளவுஸைப் போட்டுக்கொண்டு விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டும்போது துணி விரலோடு ஒட்டி அழுந்துகிறது. இழுக்கும்போது திரையில் துணி சற்றுத் தங்கிவிடுகிறது, உள்ளே விரல் மட்டும் முன்னே போகிறது. நுனியில் அரை சென்டிமீட்டர் காலி இடம் மடங்கி, தொடும் பரப்பு சுருங்கிவிடுகிறது. திரைக்குள் இண்டியம் டின் ஆக்சைடு என்ற மெல்லிய மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் வந்தால் அந்த இடத்தின் மின்தேக்கத்தில், அதாவது மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் அளவில், ஒரு துளி மாற்றம் வரும். மாற்றம் ஓர் அளவுக்குக் கீழே போனால், 'விரலை எடுத்துவிட்டார்' என்று போன் கணக்கு எழுதிவிடும். பச்சை வட்டம் ஓடிப்போவது அந்த நொடியில்தான். மேலே டெம்பர்ட் கிளாஸ் ஒட்டியிருந்தால் தூரம் இன்னும் கொஞ்சம் கூடும். நான் ஒட்டியிருக்கிறேன், அது என் தப்புதான்.

பழைய அழுத்துத் திரைகளில் இந்தத் தொல்லை கிடையாது. இரண்டு படலம், அழுத்தினால் ஒட்டும், முடிந்தது கதை. நகத்தாலும் தொடலாம், பேனா மூடியாலும் தொடலாம், எந்த கிளவுஸானாலும் சரி. 2007-ல் ஐபோன் வந்த பிறகு எல்லாரும் மின்தேக்கத் திரைக்கு மாறினார்கள், கிளவுஸ் போட்டவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 2010 குளிர்காலத்தில் தென்கொரியாவில் சிலர் சாசேஜால் போனைத் தொடுகிறார்கள் என்று செய்தியே வந்தது. சிரிக்க வேண்டாம். உப்பும் ஈரமும் இருக்கிறதே, அது விரல் மாதிரியே நடந்துகொள்ளும். நான் மூக்கைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஹெல்மெட் போட்டிருந்தால் அதுவும் முடியாது.

"திரையின் உணர்திறனைக் கூட்டிவிட்டால் சாதா கிளவுஸே போதுமே" என்பீர்கள். 2012-ல் நோக்கியா லூமியா 920 அதைச் செய்தது, அடுத்த வருடம் சாம்சங் கேலக்ஸி எஸ்4-லும் வந்தது. என் போனிலும் அந்த ஸ்விட்ச் இருக்கிறது. போட்டால் இழுப்பது ஓரளவு சரியாகிறது, உண்மை. ஆனால் பையில் வைத்தால் துணிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தொடையையும் அது விரல் என்று நினைத்துக்கொள்கிறது. ஒருமுறை டார்ச் எரிந்து, யாருக்கோ பாதி மெசேஜ் போய், பேட்டரி சூடாகி நின்றது. மழை பெய்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு துளியும் ஒரு விரல், மேப் தன்னால் பெரிதாகிச் சுருங்கி எங்கேயோ கடலுக்குள் போய் நிற்கும். இதில் வேடிக்கை, நனைந்த கிளவுஸ் மட்டும் எல்லா விரலிலும் அருமையாக வேலை செய்யும். தண்ணீர்தான் அங்கே கம்பி. ஆனால் விரல் விறைத்துப்போயிருக்கும்.

ஒன்றரை வருடத்தில் வலது ஆட்காட்டி விரல் செத்துப்போனது. சாம்பல் துண்டு பளபளப்பு போய் வெளுத்திருந்தது. உரசல் பாதி, நான் துவைத்த விதம் பாதி. துணியை மிருதுவாக்கும் திரவத்தை ஊற்றித் துவைத்திருக்கிறேன், அது நூலின் மேல் படலம் போடும் என்று பிறகுதான் உறைத்தது. தூக்கிப்போட மனமில்லாமல் மின்கடத்தும் எஃகு நூல் ஒரு சுருள் வாங்கி நானே தைத்தேன். முதல் முறை வெளிப்பக்கம் மட்டும் அழகாக, நெருக்கமாகத் தைத்தேன். திரை கண்டுகொள்ளவே இல்லை. அரை நாள் போனது. அப்புறம்தான் புரிந்தது: நூல் உள்ளே தோலைத் தொட வேண்டும், இல்லையென்றால் அந்தத் துளி நூல் வெறும் அலங்காரம். பிரித்து, உள்ளே நான்கைந்து தளர்ந்த கண்ணிகளை விட்டு, வெளியே சிறு பட்டாணி அளவுக்கு அடர்த்தியாகத் தைத்தேன். முடிச்சு நகக்கண்ணில் குத்துகிறது. ஆனால் வேலை செய்கிறது. நுனியில் தொங்கிய காலி இடத்தையும் சேர்த்து இழுத்துத் தைத்ததால், அந்த ஒரு விரலில் இழுப்பது புதிதாக வாங்கியபோது இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. அன்று வீட்டில் எல்லாரிடமும் காட்டினேன். யாருக்கும் அதில் அக்கறை இல்லை.

இன்று காலை தோற்றது கட்டைவிரல், கம்பெனி தைத்தது. வலது கையில் சாவி இருந்ததால் இடது கையில் போனைப் பிடித்து அந்தக் கட்டைவிரலாலேயே இழுத்தேன்.

போனின் அக்ஸசிபிலிட்டி பகுதிக்குள் போய்ப் பாருங்கள். அழைப்பை இழுக்காமல் ஒரே தட்டில் எடுக்கும் வசதி சில போன்களில் இருக்கிறது. என்னுடையதிலும் இருக்கிறது, காலை உணவு முடிந்து ஆற அமர உட்கார்ந்தபோதுதான் கண்டுபிடித்தேன். இரண்டு வருடம் கழித்து. ஆக, இத்தனை நாள் நான் திட்டியதில் பாதி கிளவுஸைச் சேராது. இருந்தாலும் கோபம் தணியவில்லை.

நண்பனுக்கு என்ன பதில்? "வேண்டாம்" என்று அனுப்பினேன். நேற்று கேட்டிருந்தால் "கண்ணை மூடிட்டு வாங்கு" என்றுதான் சொல்லியிருப்பேன். அவன் விடவில்லை, "அப்போ நீ ஏன் அதையே போட்டுட்டுப் போற?" என்று கேட்டான். வாங்குவதாக இருந்தால் ஒரு சைஸ் சின்னதாக வாங்கு, நுனியில் காலி இடம் இருக்கக் கூடாது, எஃகு நூல் என்னிடம் முக்கால் சுருள் மிச்சம் இருக்கிறது என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.