கோத்தகிரியில் பழைய பசுமைக்குடிலோடு மூன்று வருடம்

கோத்தகிரிப் பக்கம் நாங்கள் வாங்கிய வீட்டோடு ஒரு பசுமைக்குடிலும் சேர்ந்து வந்தது. இருபதுக்கு நாற்பதடி. ஒரு காலத்தில் கார்னேஷன் வளர்த்திருக்கிறார்கள். நான் பார்த்தபோது மேலே போர்த்திய பிளாஸ்டிக் ஷீட் கந்தலாகத் தொங்கியது, உள்ளே ஆளுயரத்துக்கு உண்ணிச்செடி. "பிரிச்சு எடைக்குப் போட்ருங்க" என்றார் பக்கத்துத் தோட்டக்காரர். கூடாரத்தைத் தாங்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புகளைத் தட்டிப் பார்த்தேன். மண்ணைத் தொடும் இடத்தில் நான்கு கால்கள்தான் துருவேறி ஓட்டையாகியிருந்தன. அவற்றை வெட்டிப் புதுத் துண்டு வைத்து வெல்டிங் செய்து, அடியில் கான்கிரீட் போட்டோம். ஷீட்டைப் பிடிக்கும் அலுமினியச் சட்டம் பழையதே போதும், ஸ்பிரிங் கம்பி மட்டும் புதிது. காற்றில்லாத ஒரு காலையில் நான்கு பேர் சேர்ந்து 200 மைக்ரான் தடிமனில், வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்கும் யு.வி. ஷீட்டை ஏற்றினோம். கஷ்டம் முடிந்தது என்று நினைத்தேன்.

மலை ஊராயிற்றே, குளிருக்குப் பயந்து பக்கத் திரைகளை எப்போதும் இறக்கியே வைத்தேன். பிப்ரவரி மதியம் ஒன்றில் உள்ளே 38 டிகிரி! தக்காளிப் பூக்கள் காய்பிடிக்காமல் உதிர்ந்தன. இரவில் கூரையில் வியர்த்த நீர் இலைகளில் சொட்டி, இலைக்கருகல் வந்தது. இப்போது காலை ஒன்பது மணிக்கே திரையைச் சுருட்டிவிடுகிறேன். மழை நாளிலும் காற்றடிக்காத பக்கம் ஒரு சாண் திறந்திருக்கும்.

வெள்ளரி கதை இன்னும் வேடிக்கை. சாதாரண நாட்டு விதை போட்டேன். கொடி கூரையைத் தொட்டது, பிஞ்செல்லாம் மஞ்சளாகி விழுந்தது. பூச்சி வராமல் இருக்க 40 மெஷ் என்ற பொடிக்கண் வலை கட்டியவன், தேனீயும் பூச்சிதான் என்பதை மறந்துவிட்டேன். அந்தப் பருவம் முழுக்க ஆண் பூவைக் கிள்ளிக் காலையில் நானே தேனீ வேலை பார்த்தேன். மகரந்தமில்லாமலே காய்க்கும் ரகங்கள் இதற்கென்றே இருக்கின்றன, அடுத்த முறை அதை வாங்கினேன். தக்காளிக்கு அந்தக் கவலை இல்லை, பத்துப் பதினொரு மணிவாக்கில் செடியைக் கட்டிய கயிற்றைத் தட்டிப் பூவைக் குலுக்கினாலே போதும்.

இரண்டாம் வருடம் குடைமிளகாய். ஆரம்பத்தில் அமோகம், அப்புறம் தண்ணீர் விட்டும் மதியத்தில் செடி துவண்டது. பிடுங்கினால் வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக, கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவின் வேலை. வெதுவெதுப்பான மண், ஓய்வே இல்லாத பயிர், அதற்கு வேறென்ன வேண்டும்? நான்கு மாதம் செண்டுமல்லி போட்டு, வேப்பம்புண்ணாக்கு கலந்தேன். குறைந்தது, ஒழியவில்லை. இப்போது குடைமிளகாய் தேங்காய்நார்க் கழிவு நிரப்பிய பைகளில்தான், மண்ணில் கீரை.

ஷீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்று வருடம் தாங்கும் என்றார்கள், இரண்டரையிலேயே பைப்பின் மேல் படும் இடங்களில் விரிசல். வெயிலில் சூடாகும் இரும்பு ஒரு காரணம். இன்னொன்று நானே செய்தது: வெள்ளரியில் சாம்பல் நோய் வந்தபோது கந்தகத்தூளைக் கரைத்துத் தாராளமாகத் தெளித்தேன். கந்தகம் யு.வி. ஷீட்டின் ஆயுளைக் குறைக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. (சறுக்கி விளையாடும் குரங்குகளுக்கும் இதில் கொஞ்சம் பங்குண்டு.)

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் புது ஷீட். அதற்கு முன், சூடு ஏறாமலிருக்க, பைப்பின் மேல்பக்கத்துக்கு வெள்ளை பெயிண்ட். டப்பா வாங்கி வைத்தாயிற்று.